ஆசிரியருக்குப் பின்னால் யார் நிற்கிறார்?

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்துவிட்டன. பிள்ளைகளுக்குப் புதுப் புத்தகமும் சீருடையும் வருவதுபோல, ஆசிரியர்களின் கைபேசிக்குச் சுற்றறிக்கைகளும் வந்துகொண்டிருக்கின்றன. பாடம் நடத்தும் முறை மாறுகிறது. மதிப்பீடு மாறுகிறது. பதிவேடு செயலிக்குள் போகிறது. வகுப்பறையில் சாதி தலைகாட்டக் கூடாது என்ற அறிவுரைகளும் முன்னைவிட அதிகம் வருகின்றன. ஒவ்வொரு மாற்றமும் கடைசியில் வந்து இறங்கும் இடம் ஒன்றுதான்: வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரின் தோள்.

அந்த ஆசிரியருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. நம் பிள்ளைகளின் படிப்பு எந்த அளவுக்கு அந்தக் கேள்வியோடு கட்டுண்டிருக்கிறது என்பதை இந்த வாரம் பேச நினைக்கிறோம்.

இரண்டு பள்ளிகள்

நாம் அறிந்த இரண்டு பள்ளிகளில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

முதலாவது ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக மாறுதலில் வந்த ஆசிரியை, முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தார். காலனிப் பிள்ளைகள் எல்லாரும் சன்னலோரத்தில் பின்னால் இரண்டு வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்காரச் சொன்னது யார் என்று கேட்டால், யாருக்கும் தெரியவில்லை. அக்காவும் அண்ணனும் அங்கேதான் உட்கார்ந்தார்கள், அதனால் இவர்களும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்ற பரிந்துரையைப் பத்திரிகையில் படித்திருந்த ஆசிரியை, அப்படியே செய்ய விரும்பினார். செய்வதற்கு முன் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னார்.

ஊரில் ‘பெரிய டீச்சர்’ என்று அழைக்கப்படும் அந்தத் தலைமை ஆசிரியை உடனே தலையாட்டவில்லை. ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். அந்த ஒரு வாரத்தில் மூன்று காரியங்கள் செய்தார். மற்ற ஆசிரியர்களை உட்கார வைத்துப் பேசி, ஒரு வகுப்பில் மட்டுமல்லாமல் எட்டு வகுப்புகளிலும் ஒரே நாளில் இந்த முறை தொடங்கும் என்று முடிவெடுத்தார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைச் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில், தன் வாயாலேயே பிள்ளைகளுக்கு அறிவித்தார்.

மூன்றாம் நாள் மாலை, பள்ளி விடும் நேரத்தில், ஊரிலிருந்து நான்கு பேர் வாசலுக்கு வந்தார்கள். ஆசிரியையைப் பார்த்து, “எங்க புள்ளய எதுக்கு டீச்சர் இடம் மாத்தி ஒக்கார வெச்சீங்க?” என்று குரலை உயர்த்தினார்கள். பெரிய டீச்சர் அறையிலிருந்து வெளியே வந்தார். “அது நான் போட்ட உத்தரவுங்க. டீச்சரைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க. உள்ள வந்து உக்காருங்க” என்றார்.

அன்று பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஒரு தகப்பனார் நான்கு நாள் பிள்ளையை அனுப்பவில்லை. இன்னொருவர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார். பெரிய டீச்சர் ஆசிரியையையும் அழைத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போனார். பேசினார், பேச்சும் வாங்கினார். ஆனால் வரிசை மாறவில்லை. அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் அது பள்ளியின் வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது பள்ளி, அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அங்கே ஓர் இளம் ஆசிரியர் இதே காரியத்தைச் செய்தார். தலைமை ஆசிரியர் தடுக்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை. ஊரிலிருந்து ஒரு தொலைபேசி வந்ததும் ஆசிரியரைக் கூப்பிட்டு, “வந்தோமா, பாடம் நடத்தினோமா, போனோமான்னு இருங்க சார். ஊர் வம்பு நமக்கு எதுக்கு?” என்றார். நான்காம் நாள் ஆசிரியர் பிள்ளைகளைப் பழைய இடத்துக்கே அனுப்பினார். அதை அவரே நம்மிடம் சொன்னார். “நான் சொல்றதுக்கு முன்னாடியே ஒரு பொண்ணு பையை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போயிடுச்சு. அதை மட்டும் மறக்க முடியல” என்றார்.

இரண்டு ஆசிரியர்களுக்கும் மனம் ஒன்றுதான். படித்த பரிந்துரையும் ஒன்றுதான். இருவருக்கும் மேலே இருந்தவர்கள் நடந்துகொண்ட விதம்தான் வேறு.

அறிக்கை சொன்னது என்ன?

2023 ஆகஸ்ட் மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சமூக மாணவர் ஒருவர், சக மாணவர்கள் தன்னைத் துன்புறுத்துவதைப் பள்ளியில் சொன்னார். அதன் பிறகு, இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. மாணவர்களிடையே சாதி உணர்வு பரவுவதைத் தடுக்க வழி சொல்லும்படி, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று அறிக்கை முதல்வரிடம் தரப்பட்டது.

அந்த அறிக்கையின் பரிந்துரைகளை எடுத்துப் பாருங்கள். பள்ளிகளின் பெயரில் சாதிப் பெயர் இருக்கக் கூடாது. கையில் வண்ணக் கயிறு கூடாது. பிள்ளைகள் அகர வரிசையில் உட்கார வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்திப் பேசக் கூடாது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமை ஆசிரியராகவோ கல்வி அலுவலராகவோ வைத்திருக்கக் கூடாது.

இவற்றில் பலவற்றைக் கையால் செய்யப்போகிறவர் வகுப்பாசிரியர். ஆனால் கடைசிப் பரிந்துரை ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது. வகுப்பறை மாற வேண்டுமென்றால், மேலே உட்கார்ந்திருப்பவர் யார், அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதையும் பார்க்க வேண்டும் என்று குழு நினைத்திருக்கிறது. அதை நாமும் அழுத்திச் சொல்கிறோம்.

நாங்குநேரி இன்னொரு பாடத்தையும் விட்டுச்சென்றிருக்கிறது. ஒரு பிள்ளை வாய் திறந்து புகார் சொன்னால், அந்தக் கணத்திலிருந்து அந்தப் பிள்ளையின் பாதுகாப்பு நிர்வாகத்தின் பொறுப்பு. புகாரைக் கேட்ட ஆசிரியர், தலைமை ஆசிரியரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார், காவல் நிலையத்துக்கு யார் பேசுவார், வீடு வரை பிள்ளையோடு யார் போவார் என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத பள்ளியில், “எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்” என்று ஓர் ஆசிரியர் பிள்ளையிடம் சொல்வதே ஆபத்தாகிவிடும்.

குழாயும் சாக்கும்

அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருப்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். வகுப்பில் உட்கார அவர் வீட்டிலிருந்து ஒரு சாக்குத் துண்டு கொண்டுபோக வேண்டும். பள்ளி ஏவலர் குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். ஏவலர் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும்.

மாணவர்கள் இந்தச் செய்தியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பள்ளியில் தினமும் யாரும் அவரை அடித்ததாகக் கதை இல்லை. ஏவலர் தன் வேலையைச் செய்தார். ஆசிரியர் தன் பாடத்தை நடத்தினார். ஆனால், யார் குழாயைத் தொடலாம், யார் எங்கே உட்காரலாம் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. அந்த ஏற்பாட்டை நடத்திக்கொண்டிருந்தது பள்ளி நிர்வாகம். ஓர் ஆசிரியருக்கு மனம் இளகினாலும், ஏற்பாட்டை அவர் தனியாக மாற்றியிருக்க முடியாது.

இன்றைய பள்ளிகளில் சாக்கு இல்லை. ஆனால் பின்வரிசை இருக்கிறது. கழிப்பறை கழுவ எந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள், தண்ணீர்க் குடத்தை யார் தொடுகிறார்கள், ஆண்டு விழாவில் வரவேற்புப் பாடல் பாட யாரை நிறுத்துகிறார்கள் என்று பார்த்தால், பழைய ஏற்பாட்டின் சுவடு தெரியும். அதை மாற்றுவது ஒரு நல்ல மனிதரின் நல்லெண்ணத்தால் முடிகிற காரியம் அல்ல. பள்ளியின் ஏற்பாடாக அது மாற வேண்டும். ஏற்பாட்டை மாற்றும் அதிகாரம் நிர்வாகியிடம் இருக்கிறது.

வளைந்த நிர்வாகமும் நிமிர்ந்த நிர்வாகமும்

சமையல் கூடத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் இதைத் தெளிவாக்கும்.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த சத்துணவுச் சமையலர் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். நிர்வாகம் முதலில் என்ன செய்தது? அந்தப் பெண்ணையே இடமாற்றம் செய்தது. இயக்கங்களும் கட்சிகளும் போராடிய பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது.

2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், காலை உணவைப் பட்டியல் சமூகப் பெண் சமைக்கிறார் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. அங்கே மாவட்ட ஆட்சியர் நேரில் போனார். அந்த உணவைச் சாப்பிட்டார். சமையலரை மாற்ற முடியாது என்பதையும், எதிர்ப்பவர்கள் மீது சட்டம் பாயும் என்பதையும் பெற்றோரிடம் சொன்னார். சமையலர் அங்கேயே தொடர்ந்தார்.

இரண்டு இடத்திலும் எதிர்ப்பு ஒரே மாதிரிதான். முதல் இடத்தில், ‘சத்தம் போட்டால் இடமாற்றம் நடக்கும்’ என்று ஊர் கற்றுக்கொண்டது. இரண்டாவது இடத்தில், ‘சத்தம் போட்டாலும் நடக்காது’ என்று கற்றுக்கொண்டது. ஆசிரியர் விஷயமும் இப்படித்தான். ஒரு ஆசிரியர் சாதிக்கு எதிராக ஒரு சிறு அடி எடுத்துவைத்து, அடுத்த வாரமே இடமாற்றம் செய்யப்பட்டால், அந்த வட்டாரத்தில் உள்ள எல்லா ஆசிரியர்களும் பாடம் கற்றுக்கொள்வார்கள். ‘அமைதி கருதி’ என்று கோப்பில் எழுதப்படும் ஒவ்வொரு மாறுதல் உத்தரவும், எத்தனையோ பள்ளிகளில் பின்வரிசையை உறுதிப்படுத்துகிறது.

பாடம் நடத்தும் முறையிலும் இதே கதை

சாதி சம்பந்தப்பட்ட மாற்றங்களில் மட்டும்தான் நிர்வாகியின் துணை வேண்டும் என்பதில்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, பிறகு ஐந்தாம் வகுப்பு வரை. பிள்ளைகளை வகுப்பு வாரியாக மட்டும் பார்க்காமல், எழுத்து தெரிந்த அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்க வேண்டும். இருபது வருடம் கரும்பலகையும் பாடநூலுமாகப் பாடம் நடத்திய ஆசிரியர், ஒரே அறையில் மூன்று குழுக்களை நடத்த வேண்டியதாயிற்று. அதோடு செயலியில் மதிப்பீடும் பதிய வேண்டும். தொடர்பு கிடைக்காத கிராமத்தில் கைபேசியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடிய ஆசிரியர்களை நாமே பார்த்திருக்கிறோம்.

இப்படிப்பட்ட மாற்றத்தின்போது நல்ல தலைமை ஆசிரியர் என்ன செய்கிறார்? பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியரை உட்கார வைத்து, என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று கேட்கிறார். முதல் மாதம் தப்பு நடக்கும் என்று தெரிந்து, அதைக் குற்றப் பத்திரிகையாக்காமல் விடுகிறார். தானே ஒரு வகுப்பை எடுத்துக் காட்டுகிறார், அதில் தனக்கும் தடுமாற்றம் வருவதை மறைக்காமல். பதிவு வேலையைப் பகிர்ந்து கொடுக்கிறார். வட்டாரக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வரும்போது ஆசிரியரைக் காட்டிக்கொடுக்காமல், நிலைமையை எடுத்துச் சொல்கிறார்.

இதில் நம் பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்கலாம். முக்கியமான ஒன்று இருக்கிறது. ஊரடங்குக் காலத்தில் வீட்டில் கைபேசி இல்லாத பிள்ளைகள், கூலி வேலைக்குப் பெற்றோர் போன பிறகு தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் யார்? பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைகள். அவர்கள் எழுத்தில் பின்தங்குவது இயல்பு. அப்போது ‘அரும்பு’ நிலையில் காலனிப் பிள்ளைகள் மட்டுமே நிறைந்துவிடக் கூடும். கற்பிக்கும் வசதிக்காகப் போட்ட குழு, கண்ணுக்குச் சாதிக் குழுவாகத் தெரியும். பிள்ளைகளே அப்படிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

பாடச் சுமையில் மூச்சுத் திணறும் ஆசிரியருக்கு இது உடனே கண்ணில் படாது. வகுப்பு வகுப்பாகச் சுற்றிவரும் தலைமை ஆசிரியருக்குத் தெரியும். தெரிந்தவர், “இந்தக் குழுவில் உள்ள பிள்ளைகளை மூன்று மாதத்தில் அடுத்த நிலைக்குக் கொண்டுபோக என்ன வேண்டும்? நான் என்ன செய்யட்டும்?” என்று ஆசிரியரைக் கேட்க வேண்டும். “ஏன் இவர்கள் இன்னும் அரும்பில் இருக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்பவர் நிர்வாகி இல்லை, கணக்கெடுப்பவர்.

தலித் ஆசிரியரின் தனிச் சுமை

இன்னொன்றையும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். சாதி இந்து ஆசிரியர் ஒருவர் வரிசையை மாற்றினால் ‘கண்டிப்பான டீச்சர்’ என்பார்கள். அதையே தலித் ஆசிரியர் செய்தால் ‘தன் ஆளுக்குப் பேசுகிறார்’ என்பார்கள். அலுவலர் அறைக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேரும். அதனால் நம் சமூகத்திலிருந்து படித்து வேலைக்கு வந்த ஆசிரியர்கள் பலர், நெஞ்சில் இருப்பதை வாயால் சொல்லாமல் காலம் கடத்துகிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நாம் தயாராக இல்லை. ஆசிரியர் குடியிருக்க வாடகை வீடு கேட்டாலே ‘நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு’ என்று விசாரிக்கும் ஊர்களில் அவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

இங்கேதான் நிர்வாகியின் பங்கு பெரிதாகிறது. மாற்றத்தைப் பள்ளியின் முடிவாக அவர் அறிவித்துவிட்டால், தலித் ஆசிரியர் மீது அந்தப் பழி விழாது. மேலும், சாதி ஒழிப்பு சம்பந்தமான எல்லா வேலையையும் தலித் ஆசிரியர் தலையிலேயே கட்டும் பழக்கமும் நிற்க வேண்டும். அம்பேத்கர் பிறந்தநாள் விழாவை நடத்த அவர்தான், காலனிப் பெற்றோரைக் கூப்பிட அவர்தான், உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப அவர்தான் என்றால், மற்ற ஆசிரியர்களுக்கு இதில் பொறுப்பில்லை என்று ஆகிவிடும். பொறுப்பைப் பங்கிட்டுத் தருவதும் ஆதரவுதான்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் நிலை

தமிழகத்தில் 1,100க்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கு வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. அவர்களுக்கு மேல் இருப்பது பள்ளிக் கல்வித் துறை அல்ல. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரும், அந்தத் துறையின் வட்டாட்சியரும்தான் நிர்வாகம். பெரும்பாலும் வருவாய்த் துறையிலிருந்து வருகிறவர்கள். பட்டாவும் நிலமும் அவர்களுக்குத் தெரியும். எண்ணும் எழுத்தும் வகுப்பு எப்படி நடக்க வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால், அவர்களால் என்ன சொல்ல முடியும்?

2023-24 நிதிநிலை அறிக்கையில், பல துறைகளின் கீழ் உள்ள பள்ளிகளை எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவோம் என்று அரசு அறிவித்தது. சந்துரு அறிக்கையும் அதையே பரிந்துரைத்தது. இது பற்றி நம் மக்களிடையே இரண்டு கருத்து உண்டு. பள்ளியின் நிலமும் கட்டடமும் பணியிடங்களும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் துறை எதுவாக இருந்தாலும், அந்த ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் தெரிந்த ஒரு நிர்வாகி வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. இணைப்பு நடக்கும்வரை காத்திருக்காமல், அந்தந்த வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள் நலப் பள்ளிகளுக்கும் தவறாமல் போய்வர ஏற்பாடு செய்ய வேண்டும்.

தலைமை ஆசிரியருக்கு யார் துணை?

நாம் எழுதியதைப் படிக்கும் தலைமை ஆசிரியர் ஒருவர், ‘எனக்கு யார் துணை?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நம் கிராமங்களில் பல தொடக்கப் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். அங்கே தலைமை ஆசிரியரும் பாடம் நடத்த வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும், காலை உணவைப் பார்க்க வேண்டும், இணையத்தில் பதிய வேண்டும். ஊரோடு மோத அவருக்குத் தெம்பு எங்கிருந்து வரும்?

அதனால்தான் ஆதரவு என்பது ஒரு சங்கிலியாக இருக்க வேண்டும் என்கிறோம். ஆசிரியருக்குத் தலைமை ஆசிரியர், தலைமை ஆசிரியருக்கு வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். ஒரு கண்ணி விட்டாலும் சுமை முழுவதும் வகுப்பறையில் வந்து விழும். சுற்றறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி, ‘படித்தேன்’ என்று பதில் வாங்குவதோடு கடமை முடிந்துவிட்டது என்று நினைக்கும் அலுவலர், அந்தச் சங்கிலியில் இல்லை.

சட்டமும் நிர்வாகத்தின் பக்கம்தான் இருக்கிறது. நலிந்த பிரிவுக் குழந்தைகள் பள்ளியில் பாகுபாடு காட்டப்படாமல் இருப்பதை உறுதிசெய்வது அரசு, உள்ளாட்சி அமைப்பு ஆகியவற்றின் கடமை என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், அதில் நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. முதலில் சொன்ன பெரிய டீச்சருக்கு வாசலில் நிற்கத் தைரியம் வந்ததற்குத் தீர்மானப் புத்தகத்தில் இருந்த கையெழுத்துகளும் ஒரு காரணம். அவற்றில் காலனித் தாய்மார்களின் கையெழுத்தும் இருந்தது.

செய்ய வேண்டியவை

கல்வி அலுவலர்களுக்கு நம் வேண்டுகோள் நான்கு.

முதலாவது, வகுப்பறையில் சாதிக்கு எதிரான எந்த மாற்றத்தையும் தனி ஆசிரியரின் முயற்சியாக விடாதீர்கள். பள்ளி முழுவதற்குமான உத்தரவாகத் தலைமை ஆசிரியரின் கையெழுத்தில் வரட்டும்.

இரண்டாவது, எதிர்ப்பு வந்தால் ஆசிரியரையோ சமையலரையோ மாற்றாதீர்கள். இரண்டு நாளுக்குள் வட்டாரக் கல்வி அலுவலர் நேரில் போய்ப் பள்ளியில் உட்காரட்டும். அவருடைய வண்டி பள்ளி வாசலில் நிற்பதே ஊருக்கு ஒரு செய்தி.

மூன்றாவது, புதிய திட்டம் எதுவானாலும், ஆசிரியர் பழகுவதற்குக் காலம் கொடுங்கள். அந்தக் காலத்தில் வருகிற ஆய்வு, குறை கண்டுபிடிக்கும் ஆய்வாக இல்லாமல் உதவி கேட்டறியும் ஆய்வாக இருக்கட்டும்.

நான்காவது, பிள்ளை புகார் சொன்னால் அடுத்து நடக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, எல்லா ஆசிரியர்களுக்கும் கொடுங்கள். யார் யாரிடம் பேசுவது, பிள்ளையை யார் வீட்டில் விடுவது என்பது உட்பட.

நம் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூலி வேலையை விட்டுப் போவது கஷ்டம்தான். ஆனாலும் வீட்டுக்கு ஒருவராவது போங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், ‘பிள்ளைங்க எப்படி ஒக்காருறாங்க?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பள்ளிக்கு நல்லது செய்யும் தலைமை ஆசிரியரை ஊர் எதிர்க்கும்போது, நம் தெருவும் அவர் பக்கம் வந்து நிற்க வேண்டும். நல்லவர் மாறுதலாகிப் போன பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

மாணவர்களே, உங்களில் பலர் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் வருவீர்கள். அந்த நாற்காலியில் உட்காரும்போது, வாசலில் நிற்கும் ஓர் இளம் ஆசிரியருக்காக எழுந்து வெளியே வர வேண்டியிருக்கும். அதை இப்போதே மனத்தில் வையுங்கள்.

சொல்வதற்கு முன்பே பையை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போன அந்தச் சிறுமி, இந்நேரம் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு வேறு பள்ளியில் சேர்ந்திருப்பாள். அங்கேயும் அவள் முதல் நாளே எந்த இடத்தைத் தேடிப் போயிருப்பாள் என்று நமக்குத் தெரியும். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அதைப் பார்த்தாரா, பார்த்து ஆசிரியரிடம் என்ன சொன்னார் என்பதைக் கேட்டறிய வேண்டியவர்கள் நாம்தான்.